நாலு கழுத்துக் கிடார்

அது என்ன சாமான் என்று கண்டக்டர் கேட்டபோது கொளஞ்சி உண்மையைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"கிடாருங்க."

கண்டக்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில், பெரம்பலூர் வண்டியின் பின்வாசலை மறித்துக்கொண்டு அது நின்றது. நாலு இரும்புக் கால். அதன்மேல் கொலுப்படி மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரமாக நாலு பலகை. பலகைக்கு எட்டுத் தந்தி. அடியில் வரிசையாகக் கால்மிதிகள். நடுவே, உட்காருகிறவனின் முழங்காலை இடிப்பதற்கென்றே வைத்தது போல இரண்டு லிவர்கள். பக்கத்தில் துணைக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி.

"கிடாருன்னா தோள்ல மாட்டுவாங்க. இத எந்தத் தோள்ல மாட்டுவீங்க?"

"இது மாட்டுறது இல்லைங்க. எதிர உக்காந்து வாசிக்கிறது. பெடல் ஸ்டீல் கிடாருன்னு பேரு. சாதாரணமா ஒரு கழுத்துதான் இருக்கும். இதுல நாலு."

"நாலு கழுத்தா? அப்ப நாலு டிக்கெட்டு."

கொளஞ்சி சட்டென்று பின்வாங்கினான். "வெறும் மேசைன்னு வச்சுக்குங்களேன்."

"மேசைன்னா ஏத்தவே கூடாது. கிடாருன்னா மடியில வச்சுக்கிட்டு வரலாம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கொளஞ்சி கொஞ்சம் யோசித்து, கிடார்தான் என்று சொல்லிவிட்டுக் கால்களைக் கழற்றினான். கடைசி வரிசையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் மடி முதல் கழுத்துக்கே பற்றவில்லை. மீதி மூன்றும் பக்கத்திலிருந்த பேரளிக்காரர் மடிக்கும், அவருக்கு அடுத்த பெண்ணின் மடிக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை நிம்மதியாக அதன்மேல் வைத்துவிட்டுத் தூங்கினாள். பேரளிக்காரர் தன் ஊரில் இறங்க எழுந்தபோது பாரம் முழுக்கக் கொளஞ்சியின் மேல் சாய்ந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் கழற்றி வைத்த கால்களில் ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டு போனதை அவன் கவனிக்கவில்லை. அவன் பெரம்பலூரில் இறங்கினான். கால் அதே வண்டியோடு துறையூருக்குப் போயிற்று.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், அதற்குக் கொளஞ்சியின் வேலையைச் சொல்ல வேண்டும். நாலு ரோடு பக்கம் ஒரு எடை மேடையில் அவன் ஆபரேட்டர். சிமெண்டு லாரி ஏறும், எண் விழும், சீட்டுக் கொடுப்பான். மக்காச்சோள லாரி ஏறும், எண் விழும், சீட்டுக் கொடுப்பான். ஒரு நாள் இரண்டு லாரிகளுக்கு நடுவே போனில் எதையோ தட்டியபோது, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாலு கழுத்துக் கிடார் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு நடந்து போகவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த லாரி ஏறி ஹாரன் அடித்ததுகூடக் கொளஞ்சிக்குக் கேட்கவில்லை. நாளெல்லாம் டன் கணக்கில் எடை பார்க்கிறவன் காதில் எடையே இல்லாத ஒன்று விழுந்தால் அப்படித்தான் ஆகும்.

அன்றிலிருந்து தேடியவனுக்குச் சென்னையில் ஒரு பழைய ஒலிப்பதிவுக்கூடத்தை இடிக்கப் போகும் சேதி கிடைத்தது. அங்கே அந்தச் சாதியில் இரண்டு கிடார்கள் கிடந்தன. தூக்கிக்கொண்டு போகிறவனுக்கே சொந்தம் என்றார்கள். ஒற்றைக் கழுத்துள்ளது ஒன்று, பெட்டிக்குள் அடக்கமாக இருந்தது. ஆள் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கொளஞ்சி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாலு இருக்கும்போது ஒன்றை எவனாவது எடுப்பானா? ஒவ்வொரு கழுத்துக்கும் வேறு வேறு சுருதி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாசிக்க முடியும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் பளபளவென்று பார்க்க எவ்வளவு அழகு. ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

சென்னையிலிருந்து அரியலூர் வரைக்கும் ரயில் கொண்டுவந்து சேர்த்தது. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. மீதியைத்தான் மேலே பார்த்தோம்.

துறைமங்கலத்தில் கொளஞ்சியின் வீட்டு முன்னறை அவன் மனைவி மலர்க்கொடியின் தையல் கடை. கரண்டில் ஓடும் பெரிய மெஷின் போட்டிருந்தாள். இரண்டு கையும் துணியில் இருக்கும், பாதம் மிதியில் இருக்கும், துணியைத் திருப்ப வேண்டியிருந்தால் முழங்காலால் பக்கத்துக் கம்பியைத் தட்டித் துணிப் பிடியைத் தூக்குவாள். இவ்வளவுக்கும் நடுவே தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு அவள் அக்காளிடம் ஊர் வம்பு பேசுவாள். தையலும் கோணாது, வம்பும் அறுபடாது.

அவள் கிடாரைப் பார்த்தாள். மூன்று காலில் அது சாய்ந்து நின்றது.

"என்னாங்க இது? நாலு பேரு சேந்து இஸ்திரி போடுற மேசையா?"

"கிடாரு மலரு."

"துணிக்கு ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் ஒண்ணு வாங்கிப் போடணும், அந்த மூலைய ஒழிச்சுக் குடுங்கன்னு எத்தன நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க இந்த இரும்புக் கட்டிலக் கொண்டாந்து போடுறீங்க. உங்களுக்கு இத வாசிக்கத் தெரியுமா?"

"பழகிட்டா வந்துரும்."

எதிர்வீட்டு ரெங்கம்மாள் உட்பட தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மலர்க்கொடி தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்ட முழுசா வாசிச்சுக் காட்டுங்க, இது இங்க இருக்கட்டும். ஆடி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா இத நான் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன், நேரா பழைய இரும்புக்குத்தான்."

சொன்னால் சொன்னதுதான் என்று தெருவில் பேர் எடுத்தவள் அவள். கொளஞ்சி அன்றைக்கே வேலையில் இறங்கினான்.

முதலில் கால். பிளம்பர் ஒருவரைப் பிடித்து, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் பைப்பில் நாலாவது காலைச் செய்து வாங்கினான். பிறகு சுருதி. முப்பத்திரண்டு தந்தி. சுருதி சேர்ந்தால் பச்சை காட்டும் ஒரு செயலியைப் போனில் வைத்துக்கொண்டு முதல் கழுத்தைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதுக்குப் போனான். இரண்டாவது முடிந்து மூன்றாவதுக்குப் போனபோது முதலாவது இறங்கியிருந்தது. அதை ஏற்றினால் இரண்டாவது கெட்டது. வேலைக்குப் போய்வந்த மாலை நேரமெல்லாம் இப்படியே கழிந்தது. ஒரு பாட்டுக்கூட வாசிக்கவில்லை. ஆனால் முறுக்காணி திருப்புவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவது கழுத்தில் ஒரு தந்தி அறுந்தது. பெரம்பலூர் கடைகளில் கேட்டுப் பார்த்தான். கிடார் தந்தி என்றால் ஒரு கட்டை எடுத்து நீட்டினார்கள். அது இதற்குப் பொருந்தவில்லை. திருச்சியில் கேட்டான். நாலு கழுத்து என்றதும் கடைக்காரர் போனை வைத்துவிட்டார். கடைசியில் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஒரு இழையைக் கட்டினான். அந்த இழை தடியாக இருந்து, இழுத்த இழுப்பில் பக்கத்துத் தந்திகள் இரண்டு அறுந்தன. கொளஞ்சி கலங்கவில்லை. நாலு கழுத்து இருப்பதன் அருமையே அப்போதுதான் தெரிந்தது. ஒன்று போனால் அடுத்ததுக்கு நகர்ந்துகொள்ளலாம். ஆடி பிறப்பதற்குள் அவன் நாலாவது கழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

வாசிப்பு அதைவிடப் பெரிய கூத்து. வலது கை மீட்ட வேண்டும், இடது கை இரும்பு உருளையைத் தந்திமேல் இழுக்க வேண்டும், பாதம் மிதிக்க வேண்டும், அதே நேரத்தில் முழங்கால் லிவரைத் தட்ட வேண்டும். கொளஞ்சியின் உடம்பில் இவை நாலும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளாக இருந்தன. ஒன்று கிழக்கே போனால் ஒன்று மேற்கே போயிற்று. நாலாவது கழுத்து தூரத்தில் இருந்ததால் அதை எட்டக் குனியும்போது வயிறு மற்ற மூன்றையும் வாசித்தது.

ஒரு மாலை ரெங்கம்மாள் கவலையோடு வாசலுக்கு வந்தாள்.

"வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா தம்பி? முனகுற சத்தம் கேக்குதே."

மலர்க்கொடி மெஷினை நிறுத்திவிட்டு அவன் வாசிப்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "முழங்காலத் தட்டுறப்ப ஏங்க தோளையும் தூக்குறீங்க?"

"அது ஒரு ஸ்டைலு மலரு. உனக்குத் தெரியாது."

"எனக்கு எப்படித் தெரியும்" என்று அவள் மறுபடி தைக்கப் போய்விட்டாள்.

ஆடி வந்தது, போயிற்று. பாட்டு வரவில்லை. கொளஞ்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தான். மலர்க்கொடி, ஆடித் தள்ளுபடித் துணியெல்லாம் தைக்க வந்து குவிந்திருக்கிறது, இரும்புக் கடைக்கு அலைய எனக்கு நேரமில்லை, ஆயுத பூஜை வரைக்கும் கிடக்கட்டும் என்றாள். அவனுக்கு உயிர் வந்தது. தையல் வேலை நிறைய வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

ஆயுத பூஜைக்கு எடை மேடையில் எல்லாருக்கும் முன்னால் வாசித்துவிடுவது என்று முடிவு செய்தது அவன் செய்த அடுத்த தப்பு. கூட்டம் இருந்தால் தைரியம் வரும் என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். டெம்போ ஓட்டும் செல்லதுரையை வரவழைத்துக் கிடாரை ஏற்றினான். மேடையில் இறக்கி எடை பார்த்தபோது ஒரு மூட்டை மக்காச்சோளத்தைவிடக் குறைவாகத்தான் எண் காட்டியது.

"மூட்டைய நான் ஒருத்தனே தூக்குவேண்ணே" என்றான் செல்லதுரை, முதுகைத் தடவிக்கொண்டு. "இதுக்கு நாலு ஆளு வேண்டியிருக்கு. எங்க புடிச்சாலும் ஏதாச்சும் ஒரு கழுத்து நெஞ்சுல குத்துது."

கிடாரை மேடையோரம் நகர்த்தி வைத்ததும் முதலாளியம்மா பக்தியோடு நாலு கழுத்துக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். ஈரச் சந்தனம் தந்திகளில் வழிந்தது. மேலே போட்ட பொரியும் கடலையும் தந்திகளுக்கு இடையில் இறங்கின. கொளஞ்சி உட்கார்ந்து கண்ணை மூடி முதல் மிதியை மிதித்தான். ஒரு கடலை நசுங்கும் சத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து அரியலூர் சிமெண்டு லாரி ஒன்று மேடையில் ஏற, தரை அதிர, பிளம்பர் செய்த பைப் கால் மடங்கியது. கிடார் பசுமாடு படுப்பது போல முன்னால் சரிந்து கொளஞ்சியின் மடியில் படுத்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் அவனை விடுவித்தார்கள். கூட்டத்தில் ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி தமிழழகன் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கிடாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னா அழகு சார்" என்றார். "ஆண்டிமடத்துல நான் கட்டுற புதுக் கல்யாண மண்டபத்து வாசல்ல வச்சா எப்படி இருக்கும். என்னிக்காச்சும் குடுக்குறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க."

"உயிரு போனாலும் குடுக்க மாட்டேன்" என்றான் கொளஞ்சி, மடியைத் தேய்த்தபடி.

அன்று கிடாரைத் திரும்பக் கொண்டுவந்து முன்னறை மூலையிலேயே வைத்தான். மலர்க்கொடியும் சிரிக்கவில்லை, அதுதான் அவனுக்கு ஆச்சரியம். காபியைக் கொடுத்துவிட்டு, "எங்க மகளிர் குழு ஆண்டு விழா வருது. அது முடியுற வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரமில்ல. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு கிடாரிடம் சில நல்ல மாறுதல்கள் தெரிந்தன. ஒரு நாள் வந்து பார்த்தால் பைப் காலுக்குப் பதில் உறுதியான இரும்புக் கால் நின்றது.

"வெல்டிங் கடையில சொல்லிச் செஞ்சேன்" என்றாள் மலர்க்கொடி. "துணி குடுக்க வர்றவங்க மேல சாஞ்சா யாரு பதில் சொல்றது?"

இன்னொரு நாள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மிதிகள் வெண்ணெயாக இறங்கின. மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

"அந்தச் சத்தம் காதுல விழுந்தா எனக்குப் பல்லு கூசுது. அதான் ரெண்டு சொட்டு விட்டேன்."

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் சுருதி. சந்தனத்தைத் துடைத்த அடுத்த வாரம் கொளஞ்சி சும்மா செயலியை வைத்துப் பார்த்தான். பச்சை. அடுத்த தந்தி, பச்சை. அடுத்தது, பச்சை. நாலு கழுத்தும் நூல் பிடித்தது போல நின்றன. அறுந்து கிடந்த மூன்றாவது கழுத்தில்கூடத் தந்திகள் முழுசாக இருந்தன. இத்தனை நாள் குழப்பத்தில் எத்தனை அறுந்தது, எத்தனை கட்டினோம் என்பதே அவனுக்கு நினைவில் இல்லை. யோசித்துப் பார்த்து, இது ஆயுத பூஜைச் சந்தனத்தின் மகிமை என்ற முடிவுக்கு வந்தான். அன்றிலிருந்து வாசிப்பதற்கு முன் கிடாரைத் தொட்டுக் கும்பிட்டான்.

"உனக்கு என்னமோ பார்சல் வந்துச்சாமே?" என்று ஒருநாள் கேட்டான்.

"நூலுங்க. சென்னையிலேருந்து வரவழைச்சேன்."

"நூலுக்கு இவ்வளவு சின்ன பார்சலா?"

"நல்ல நூலு அப்படித்தான் வரும்."

தெருவும் மாறியிருந்தது. ரெங்கம்மாள் அவனை நிறுத்தி, "இப்பல்லாம் உங்க வூட்டுப் பாட்டு காதுக்கு எதமா இருக்கு தம்பி. சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் அரிசி பொடைக்கிறேன்" என்றாள். கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கைக்கு எதுவும் வந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. முழங்காலும் பாதமும் இன்னும் பங்காளிகள்தான். ஆனால் கலைஞனுக்குத் தன் அருமை தெரியாது, கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று எங்கேயோ கேட்டிருந்தான். அதுதான் இது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

விழா நெருங்கியது. மலர்க்கொடி வழக்கத்துக்கு மாறாகப் படபடப்பாக இருந்தாள்.

"ஞாயித்துக்கிழம எந்த வேலையும் வச்சுக்காதீங்க. எங்க விழாவுக்கு வரணும். நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

"பொம்பளைங்க விழாவுல நான் எதுக்கு மலரு?"

"வரணும்னா வரணும். மொத வரிசையில உக்காரணும்."

சரி, சிறந்த உறுப்பினர் என்று ஏதாவது கேடயம் கொடுப்பார்கள், போட்டோ எடுக்க ஆள் வேண்டும் என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை செல்லதுரையின் டெம்போ காலியாக எடை மேடைக்கு வந்தது. இறங்கி வந்தவன் ஜன்னலோரம் நின்று நெளிந்தான்.

"அண்ணே, ஒரு விஷயம். அண்ணி உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க."

"அப்ப விடாத."

"மனசு கேக்கலண்ணே. ஞாயித்துக்கிழம காலையில வண்டி கொண்டாரச் சொல்லிருக்காங்க. அந்த நாலு கழுத்த ஏத்தணுமாம். நீங்க கடைத்தெருவுக்குப் போற நேரமாப் பாத்து வரச் சொன்னாங்க."

கொளஞ்சி சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்தான். "எங்க கொண்டு போவணுமாம்?"

"சங்குப்பேட்டை."

சங்குப்பேட்டையில் என்ன இருக்கிறது என்பது கொளஞ்சிக்குத் தெரியும். அங்கிருந்துதான் வாரா வாரம் பழைய இரும்பு ஏற்றிய லாரி எடைக்கு வரும். போன வாரம் வந்ததில் ஒரு ஆட்டுக்கல் கிரைண்டரும் இரண்டு கட்டிலும் நசுங்கிக் கிடந்தன. அவன் கண்ணுக்குள் நாலு கழுத்தும் அந்தக் கட்டில்களுக்கு நடுவே கிடந்தன. ஞாயிறு விழா முடியட்டும் என்றவள் விழா நாள் காலையிலேயே முடித்துவிடப் பார்க்கிறாள். நீலச் சட்டையும் முதல் வரிசையும் எதற்கென்று இப்போது புரிந்தது. தன்னை விழாவில் உட்கார வைத்துவிட்டால், மூலை காலியானது தனக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

அவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது, மக்காச்சோள லாரி ஒன்றுக்குச் சிமெண்டு லாரிச் சீட்டைக் கொடுக்கும் அளவுக்கு வந்தது. ஆனால் அடுத்த லாரி வருவதற்குள் இறங்கியும் விட்டது. அவள் கேட்டது ஒரே ஒரு பாட்டு. ஆடி என்றாள், ஆயுத பூஜை என்றாள், விழா என்றாள். தள்ளித் தள்ளிப் போட்டவள் அவள்தான். ஓவர்லாக் மெஷின் வைக்க இடமில்லாமல், கட்டிலில் உட்கார்ந்து கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். இந்த இரும்புக்குத் தன் எண்ணெயை விட்டு, கால் செய்து போட்டவள். இதற்குமேல் ஒரு மனுஷி என்ன பொறுப்பாள்? கொளஞ்சி தன்னையே நினைத்து வெட்கப்பட்டான். கிடார் போகத்தான் வேண்டும். ஆனால் சுத்தியலுக்குப் போகக்கூடாது. ஒரு நல்ல இடத்துக்குப் போகட்டும்.

தமிழழகனுக்குப் போன் போட்டு, கிடாரைக் கொடுக்கிறேன், பதிலுக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

"கரெக்டா கேட்டீங்க சார்" என்றார் அவர். "ஓவர்லாக் மெஷின் ஒண்ணு என் குடோன்லயே கெடக்குது. மச்சான் கார்மெண்ட்ஸ் வைக்கிறேன்னு வாங்கினது, பிரிக்கவே இல்ல. அத நீங்க எடுத்துக்குங்க. இது எனக்கு."

சனிக்கிழமை காலையில் மலர்க்கொடி குழு வேலையாகக் கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, முன்னறை மூலையை ஒரு முறை பார்த்து, மேலே கிடந்த துணியைச் சரியாகப் போர்த்திவிட்டுப் போனாள். பழைய இரும்புக்குப் போடுகிறவள் இவ்வளவு பதமாகப் போர்த்துகிறாளே, இரக்க குணம் எங்கே போகும் என்று கொளஞ்சி நெகிழ்ந்து போனான்.

தமிழழகனின் வேன் வந்தது. கூட வந்த ஆட்கள் முதலில் ஓவர்லாக் மெஷினை இறக்கினார்கள். பிறகு கிடார் பக்கம் வந்தார்கள். கொளஞ்சி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அதன் முன்னால் உட்கார்ந்தான். கடைசியாக முதல் கழுத்தில் ஒரே ஒரு தந்தியை மீட்டி, உருளையை மெல்ல இழுத்தான். அன்றைக்கென்று பார்த்து அது அப்படி ஒரு சுத்தமான சத்தம் கொடுத்தது. வழுக்கிக்கொண்டே மேலே போய், இருக்கிற இடம் தெரியாமல் கரைந்தது. கொளஞ்சி உருளையைத் தமிழழகன் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யாராச்சும் வாசிப்பாங்களா சார் அங்க?"

"வாசிக்கிறதாவது. வாசல்ல வச்சு நாலு காலையும் சிமெண்டு போட்டு ஊனிரப் போறேன். கொத்தனாரு கலவையக் கலந்து வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்காரு. நாலு கழுத்து இருக்கா, கழுத்துக்கு ஒரு ஆளா நின்னு நாலு பேரு போட்டோ எடுத்துக்கலாம்."

வேன் ஆண்டிமடம் நோக்கிப் புறப்பட்டுப் போயிற்று.

கொளஞ்சி மூலையைக் கூட்டி, மெஷினை அங்கே நகர்த்தி, துணியால் துடைத்து, கடையில் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து அதன்மேல் சுற்றினான். மனசு கனத்துத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் வந்து பார்க்கும்போது முகம் எப்படி மலரும் என்று நினைக்க நினைக்கக் கனம் கொஞ்சம் குறைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட ஒன்றைக் கேட்டபடியே செய்தது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. செல்லதுரைக்குப் போன் போட்டு நாளைக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. மலர்க்கொடிதான் என்று எழுந்தான். ரெங்கம்மாள். ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தாளாம். விழாவுக்குப் போட வேண்டுமாம்.

"மலரு இன்னும் வரலக்கா. வாங்க, இதப் பாருங்க" என்று பெருமையோடு மூலையைக் காட்டினான். "ஓவர்லாக் மெஷினு. மலருக்காக வாங்கினேன். அதுக்குத் தெரியாது. வந்தா அப்படியே அசந்துரும்."

ரெங்கம்மாள் மெஷினைப் பார்த்தாள். மல்லிகையைப் பார்த்தாள். பிறகு முன்னறை முழுக்கக் கண்ணால் எதையோ தேடினாள்.

"இங்க இருந்த அந்தக் கிடாரு எங்க தம்பி?"

"ஆண்டிமடத்துக்குக் குடுத்துட்டேன்க்கா. இந்நேரம் சிமெண்டு போட்டு ஊனியிருப்பாங்க. இனிமே மலருக்குத் தொந்தரவே இல்ல."

ரெங்கம்மாள் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"அடப் பாவி, நாளைக்குச் சங்குப்பேட்ட மண்டபத்துல நம்ம குழு ஆண்டு விழாவுல மலரு எத வச்சு வாசிக்கும்?"